இரண்டு சர்வரும் எழுதிய பௌர்ணமி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஒரு விஷயம் முதல் வாரத்திலேயே புரிந்திருக்கும். கம்ப்யூட்டர் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் நம்மை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் எல்லோருக்கும் நம் செல் நம்பர் தெரியும். அதனால், எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை, வேறொன்றும் இல்லை என்று நினைக்க ஆரம்பித்துவிடுவோம். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நின்றுபோன சர்வர்களால் நான் பட்ட பாட்டை எழுதினால் நிறையப் பக்கம் வரும். திட்டு வாங்கியிருக்கிறேன், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன், பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். ஆனால் அவற்றில் எதிலும் ஆள் சாகவில்லை. இப்போது நான் சொல்லப்போவது நிற்காமல் ஓடிய சர்வரைப் பற்றி.

நான் வேலை பார்த்தது திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். இரண்டு கட்டடங்கள். பெரியது ஊருக்குள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம். அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி எல்லாம் அங்கேதான். சின்னது செங்கம் ரோட்டில், ஆசிரமங்களும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வீடுகளும் முடிகிற இடத்தில். அது தாய் சேய் பிரிவு. ஆஸ்பத்திரிப் பதிவுகள் எல்லாம் இருக்கிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். பெரிய கட்டடத்தில் நான். சின்ன கட்டடத்தில் ஏழுமலை.

ஏழுமலை செங்கம் பக்கத்து கிராமத்துப் பிள்ளை. அப்போது அவனுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகி ஒரு பையன் இருந்தான். வீட்டில் எல்லோரும் நிலத்தோடு போராடிக்கொண்டிருக்க, இவன் மட்டும் கம்ப்யூட்டர் படித்து வந்தவன். என்னை அக்கா என்பான். என்னைவிட நன்றாக வேலை தெரியும். ஒரு குறை உண்டு. யாராவது அவன் எதிரில் கண் கலங்கினால் அவனால் தாங்க முடியாது. அதைக் குறை என்று சொல்வதற்கே எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச மென்பொருள். லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதால் நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டது. பெரிய கட்டடத்தில் ஒரு சர்வர். எழுதுவது எல்லாம் அதில்தான். சின்ன கட்டடத்தில் இன்னொன்று. முதலாவது எழுதுவதை வாங்கி அப்படியே பிரதி வைத்துக்கொள்ளும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது எழுந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு சர்வர் மட்டும் இருந்தால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எதிர்ப்பக்கத்துக் குரல் கேட்கவில்லை என்றால், அந்தப் பக்கம் செத்துவிட்டதா, இல்லை நடுவில் கேபிள்தான் அறுந்ததா என்று இரண்டாவது சர்வருக்குத் தெரியாது. அதற்காக மூன்றாவதாக ஒரு சின்ன மெஷின் வைப்போம். அது எதையும் எழுதாது. ஓட்டுப் போடும், அவ்வளவுதான். மூன்றில் இரண்டு ஒன்றையொன்று பார்க்க முடிகிற பக்கம் எழுதலாம். தனியாக மாட்டிக்கொண்ட பக்கம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த மூன்றாவது மெஷினை மூன்றாவது ஓர் இடத்தில் வையுங்கள் என்று நாங்கள் கேட்டோம். தனியாக ஓர் அறை, அதற்கு ஒரு இணைப்பு, அதெல்லாம் எதற்கு என்று பெரிய கட்டடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள். அப்படி வைத்தால், பெரிய கட்டடம் நிஜமாகவே தீப்பிடித்தோ வெள்ளத்திலோ போனால் இரண்டு ஓட்டும் சேர்ந்து போய்விடும். சின்ன கட்டடத்துச் சர்வர் தானாக எழுந்திருக்காது. அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்தோம். அப்படி ஒரு நாள் வந்தால், ஏழுமலை தன் கையால் கட்டளை கொடுத்து அதை எழுப்பிவிடலாம். ஓட்டு வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். அந்த அனுமதி என் பெயருக்கும் அவன் பெயருக்கும் இருந்தது.

அது ஒரு பௌர்ணமி நாள். எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானத்திலிருந்தே வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். கூட்டம் ஏற ஏற செல்போன் வேலை செய்யாது. கம்பி கம்பியாக சிக்னல் காட்டும், அழைத்தால் போகாது, குறுஞ்செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் என் ஸ்கிரீனில் சின்ன கட்டடம் காணாமல் போனது. எங்கோ பந்தல் கால் நடவோ குழாய் போடவோ தோண்டியதில் கேபிள் அறுந்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. என் பக்கத்தில் இரண்டு மெஷினும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததால் பெரிய கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன கட்டடத்துச் சர்வர் விதிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே கம்ப்யூட்டர் எதுவும் வேலை செய்யாது. கஷ்டம்தான், ஆனால் ஆபத்து இல்லை என்று நினைத்தேன்.

ஏழுமலையைக் கூப்பிட்டேன். போகவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருந்த மேஜைப் போனும் அதே கேபிளில் ஓடுவதுதான். "கேபிள்தான் போயிருக்கு, இங்க எல்லாம் ஓடுது, நீ எதையும் தொடாதே" என்று செய்தி அனுப்பினேன். அது போகவே இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வண்டி எடுக்க வழியில்லை. நடந்தேன்.

அந்த நேரத்தில் சின்ன கட்டடத்தில் நடந்ததை ஏழுமலை எனக்குப் பிற்பாடு சொன்னான். அன்றைக்கு நிர்வாக அதிகாரி அங்கேதான் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்காக ஓடியாடி உழைக்கிறவர். கவுன்டரில் கம்ப்யூட்டர் நின்றுபோனதும் கூட்டம் கூடிவிட்டது. பௌர்ணமிக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள். எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து, கடைசியாக எப்போது கொடுத்தது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். நர்ஸ்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரு தகப்பன், மூச்சிரைத்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஏழுமலையின் அறைக்கே வந்துவிட்டார்.

"சார், நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளுன்னு சொன்னாங்க. ஏதாவது பண்ணுங்க சார். புள்ளைக்கு மருந்து குடுக்க மாட்டேன்றாங்க."

அதிகாரி பின்னாலேயே வந்தார். "ஏழுமலை, இந்த மாதிரி நேரத்துக்குன்னுதானே இங்க ஒரு சர்வர் வாங்கி வெச்சிருக்கோம்? அதை எழுப்பு."

"சார், அது வேற. அந்தப் பக்கம் ஓடுதா நின்னுடுச்சான்னு எனக்குத் தெரியல. அங்க ஓடிக்கிட்டு இருந்து இதையும் நான் எழுப்பிட்டா, ரெண்டும் தனித்தனியா எழுதும் சார். ஒண்ணு எழுதுறது இன்னொண்ணுக்குத் தெரியாது."

"போன் போகுதா?"

"போகல சார்."

"லைன்ல வராங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? தெரியலன்னா நின்னுடுச்சுன்னு வெச்சுக்க. வெளிய வந்து பாருய்யா, அந்த ஜனங்களுக்கு நீ பதில் சொல்றியா?"

அந்தத் தகப்பன் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு ஏழுமலையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ஏழுமலை கட்டளையைக் கொடுத்தான்.

ஸ்கிரீன்கள் எல்லாம் உயிர் பெற்றன. கவுன்டரில் யாரோ கை தட்டினார்களாம். பிள்ளைக்கு மருந்து கிடைத்தது. அந்தப் பிள்ளை பிழைத்தது. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் ஏழுமலை செய்த காரியத்தால் ஒருவருக்கும் நன்மை இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கலைவாணி என்ற பெண்ணுக்கு அதற்குச் சற்று முன்னால்தான் பிரசவம் ஆகியிருந்தது. அடி அண்ணாமலைக்காரி. புருஷன் சங்கர் கிரிவலப் பாதையில் டிபன் கடை போட்டிருக்கிறவர். பௌர்ணமிக் கூட்டத்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வார்டு வாசலில் காத்திருந்தார். பெண் குழந்தை. சுகப் பிரசவம். இனிப்பு வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். அதற்குள் கலைவாணிக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. நிற்கவில்லை. அவளுடைய ரத்தம் ஓ நெகட்டிவ், சுலபத்தில் கிடைக்காத வகை.

பிரசவம் பார்த்த டாக்டரம்மா ஸ்கிரீனைப் பார்த்தார். ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் இரண்டு பை இருப்பதாகக் காட்டியது. இரண்டையும் கலைவாணி பெயருக்கு ஒதுக்கினார். ஸ்கிரீன் ஏற்றுக்கொண்டது. ஒதுக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. டாக்டரம்மா வெளியே வந்து சங்கரிடம் சொன்னார். "ரத்தம் இருக்கு, பயப்படாதீங்க. எடுத்துட்டு வர ஆம்புலன்ஸ் அனுப்பியாச்சு."

அந்த இரண்டு பையும் அப்போது ரத்த வங்கியில் இல்லை. கேபிள் அறுந்து கொஞ்ச நேரத்திலேயே, வேன் கவிழ்ந்து வந்த ஓர் ஆளுக்கு ஏற்றுவதற்காகப் பெரிய கட்டடத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பக்கத்துச் சர்வரில் அது ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. சின்ன கட்டடத்துச் சர்வருக்கு, கேபிள் அறுந்த நிமிஷத்தோடு உலகம் நின்றுவிட்டது. அந்த நிமிஷத்துக் கணக்கைத்தான் அது தைரியமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

வழியில் நான் அந்த ஆம்புலன்ஸைப் பார்த்தேன். எதிரே கூட்டத்தில் மாட்டி நின்றுகொண்டிருந்தது. சைரன் கத்துகிறது, ஜனங்களும் விலகத்தான் பார்க்கிறார்கள், விலகுவதற்கு இடம் இல்லை. டிரைவர் எனக்குத் தெரிந்தவர். கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கிவிட்டுத் தாண்டிப் போனேன். அவர் எதற்காகப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. அங்கே அது இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை எழுந்து நின்றான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அங்க ஓடுதாக்கா?"

"ஓடுது. கேபிள்தான் போச்சு. நீ எழுப்பிட்டியா?"

அவன் ஸ்கிரீனைக் காட்டினான். நான் வார்டுக்கு ஓடினேன். என்ன முக்கியமாகப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். நர்ஸ்தான் சொன்னாள், இரண்டு பை ஓ நெகட்டிவ் வந்துகொண்டிருக்கிறது என்று. டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"மேடம், இந்த ஸ்கிரீன்ல இருக்கிறதை நம்பாதீங்க. மத்தியானம் லைன் அறுந்தப்ப இருந்த கணக்கு இது. அந்தப் பை இப்ப இருக்கா இல்லையான்னு இங்கிருந்து சொல்ல முடியாது."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு நொடி கண்ணை மூடினார். "இது முதல்லயே தெரிஞ்சிருந்தா, அப்பவே பைபாஸ் வழியா மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியிருப்பேனே" என்றார். கத்தவில்லை. யாரிடமோ கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அப்புறம் வேகமாகக் காரியம் நடந்தது. ஆம்புலன்ஸ் கூட்டத்தில் இருந்தது. வாசலில் நின்ற ஒரு வேனைக் கெஞ்சிப் பிடித்து, சீட்டை மடக்கி, கலைவாணியைப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மாவும் ஏறினார். சங்கர் முன்னால் உட்கார்ந்தார். யாரோ வாங்கி வந்த இனிப்புப் பெட்டி அவர் மடியில் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வேன் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் கலைவாணி இறந்துவிட்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததை உங்களில் பலர் கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் அது வெறும் வேலை. ஆனால் எனக்கு அதுதான் கனமாக இருந்தது. இரண்டு சர்வரும் தனித்தனியாக எழுதிவிட்டால், மறுபடி சேர்க்கும்போது ஒன்று எழுதியதை விட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கென்று கருவி இருக்கிறது. ஒரு கட்டளை கொடுத்தால், சின்ன கட்டடத்துச் சர்வர் தான் தனியாக எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, பெரியதைப் பார்த்துக் காப்பி அடித்துக்கொள்ளும். சுத்தமாகிவிடும். கேபிளை ஒட்டிய உடனே அதிகாரி அதைத்தான் கேட்டார்.

"மேடம், எவ்வளவு சீக்கிரம் பழையபடி ஆகும்?"

"இப்பவே ஆக்கலாம் சார். ஆக்க மாட்டேன். இங்க குழந்தைங்களுக்கு மருந்து குடுத்தது எல்லாம் இந்த சர்வர்ல மட்டும்தான் இருக்கு. அழிச்சா, குடுத்த மருந்தையே மறுபடி குடுப்பாங்க. மொதல்ல ஒவ்வொண்ணா எடுத்து அங்க சேர்க்கணும். அதுவரைக்கும் பேப்பர்ல எழுதட்டும்."

அவர் முகம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை. ஏழுமலையும் நானும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வார்டில் போய்க் கேட்டு, இது நடந்தது, இது நடக்கவில்லை என்று பிரித்தோம். அந்தப் பதிவுகளுக்கு நடுவில் அந்த இரண்டு வரிகளும் வந்தன. ஓ நெகட்டிவ், இரண்டு பை, கலைவாணி, ஒதுக்கப்பட்டது. அதே பை எண்கள், இன்னொரு சர்வரில், இன்னொருவர் பெயரில், கொடுக்கப்பட்டது. ஒரே பைக்கு இரண்டு பேர். டேட்டாபேஸ் அதை ஒத்துக்கொள்ளாது. ஒன்றை எடுக்க வேண்டும்.

ஏழுமலை கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னால முடியாதுக்கா."

"எந்திரி. நான் பாக்குறேன்."

"நீங்களும் அழிக்காதீங்கக்கா. அவங்களுக்குக் குடுக்கிறோம்னு நாம சொன்னோமா இல்லியா? சொன்னோம்."

கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அந்த வரிகளை அழிக்காமல், புதிதாக ஒரு நிலை உண்டாக்கி, ஒதுக்கியது, கொடுக்கவில்லை என்று மாற்றி அங்கேயே வைத்தேன். அதிகாரி பின்னால் வந்து பார்த்தார். இது எதற்கு, யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்டார். நடந்தது சார், என்றேன்.  அவர் போய்விட்டார்.

சில வாரம் கழித்து சங்கர் வந்தார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு விவரம் சரி செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கு நானும் சின்ன கட்டடத்தில் இருந்தேன். காரியம் முடிந்த பிறகும் அவர் கவுன்டரை விட்டுப் போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்ங்க. ரத்தம் இருக்குதுன்னு சொன்னாங்க. நானும் நம்பிக்கினு வாசல்ல நின்னுகினு இருந்தேன். யாரு சொன்னது அது?"

கவுன்டரில் இருந்த பெண், கம்ப்யூட்டரில் அப்படிக் காட்டியது என்றாள்.

"கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்றீங்க. அது எப்படிம்மா தானா சொல்லும்?"

 இந்த மாதிரி நேரத்தில் நெட்வொர்க் கோளாறு என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஏற்கனவே உத்தரவு வந்திருந்தது. ஏழுமலை தன் அறையிலிருந்து வெளியே வந்தான்.

"நான்தாங்க. லைன் அறுந்து அது நின்னு போயிருந்துச்சு. நான்தான் அதை ஓட வெச்சேன். நான் ஓட வெக்கலைன்னா அது ஒண்ணும் சொல்லியிருக்காது."

சங்கர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஏழுமலையும் அப்படித்தான் நினைத்திருப்பான், கையைக் கட்டாமல் தொங்கவிட்டு நின்றான்.

"ரத்தம் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. இருக்குதுன்னும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் சங்கர். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவளைத் தூக்கினு ஓடியிருப்பேனே."

அவ்வளவுதான். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஏழுமலையை மன்னிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. வழக்குப் போடவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் வரவும் இல்லை.

உத்தரவை மீறிப் பேசியதற்காக ஏழுமலையை வேலையை விட்டு எடுத்தார்கள். கட்டளை கொடுத்ததற்காக இல்லை. அதைக் கொடுக்கச் சொன்னவர் அவர்களில் ஒருவர் ஆயிற்றே. உண்மையைச் சொன்னதற்காக எடுத்தார்கள். நான் அதிகாரியிடம் போய்ப் பேசினேன். "என் கையில இல்ல மேடம்" என்றார். அவரும் அந்த நாட்களில் மெலிந்துதான் போயிருந்தார். ஏழுமலை ஓசூரில் ஒரு கம்பெனி குடோனில் வேலைக்குச் சேர்ந்தான். சரக்கு வருவதையும் போவதையும் பார்க்கும் வேலை. டேட்டாபேஸ் வேலைக்குக் கூப்பிட்ட இரண்டு இடங்களுக்கு அவன் போகவில்லை.

எனக்கு ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் சில காரியங்களை முடித்தேன். மூன்றாவது மெஷினை இரண்டு கட்டடத்துக்கும் சம்பந்தமில்லாத வேறோர் இடத்துக்கு மாற்ற வைத்தேன். இனி பெரிய கட்டடம் நிஜமாகவே போய்விட்டால் சின்ன கட்டடமும் மூன்றாவது மெஷினும் சேர்ந்து தாங்களே முடிவெடுத்துக்கொள்ளும். ரத்த வங்கி ஸ்கிரீனில், இணைப்பு அறுந்தால் எண்ணிக்கைக்குப் பதிலாக "தெரியவில்லை, நேரில் கேட்கவும்" என்று வருகிற மாதிரி எழுத வைத்தேன். வார்டுகளில் மருந்து விவரத்தைப் பேப்பரிலும் ஒரு பிரதி வைக்க வேண்டும் என்று நர்ஸ்களோடு சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தேன்.

இரண்டு வருஷம் போனது. ஒரு தீபத் திருவிழா சமயம், மறுபடி சின்ன கட்டடத்துக்கு லைன் போனது. இந்த முறை அங்கே இருந்தது நான். சர்வர் விதிப்படி நின்றது. கூட்டம் கூடியது. ரத்த வங்கி ஸ்கிரீனில் மட்டும் அந்தத் "தெரியவில்லை", மற்றவை எல்லாம் இருட்டு. அதே அதிகாரி, அதே வாசல்.

"மேடம், ஜனங்க ஜாஸ்தி ஆகிட்டே போறாங்க. எழுப்ப முடியுமா முடியாதா?"

"முடியும் சார். எழுப்ப மாட்டேன்."

"எனக்கு மேல இருக்கிறவங்க கேப்பாங்க."

"என் பேரைச் சொல்லுங்க."

அவர் வெளியே போனார். ஜனங்களிடம் என்ன சொன்னாரோ. ஒரு கிழவர் என் அறைக் கதவை உதைத்தார். ஒரு பெண், உன் வீட்டில் இப்படி நடந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேப்பரில் எழுதி முடிந்ததைச் செய்தார்கள். அவசரமாக வந்த இரண்டு பேரை, இங்கே எங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லி உடனே வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் டாக்டரம்மா. அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க முயன்றேன், கிடைக்கவில்லை. அடுத்த வாரம், நோயாளிகளுக்குச் சேவை தடைப்பட்டதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.

மெமோ வந்த அன்று சாயங்காலம் ஏழுமலைக்குப் போன் செய்தேன். பெருமைக்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். அவன் கேட்டு சந்தோஷப்படுவான், இத்தனை நாளைக்குப் பிறகு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

"தீபத்தன்னைக்கு லைன் போச்சு ஏழுமலை. நான் எழுப்பவே இல்ல. நிறுத்தியே வெச்சேன்."

அந்தப் பக்கம் குடோனில் ஏதோ வண்டி பின்னால் போகிற சத்தம் கேட்டது.

"நல்லதுக்கா" என்றான். பிறகு, "உங்க ரூமுக்குள்ள யாராவது புள்ளையைத் தூக்கினு வந்தாங்களா?"

"இல்ல. கதவைத்தான் உதைச்சாங்க."

"வந்திருந்தா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நான் நிறைய யோசிச்சுப் பாத்துட்டேன்க்கா. கலைவாணியை நெனைக்காத நாள் இல்ல. ஆனா அந்த ஆளு மறுபடி அந்தப் புள்ளையைத் தோள்ல போட்டுக்கினு வந்து நின்னா, நான் இன்னைக்கும் அதை எழுப்பிடுவேன். என்னால அது மட்டும் மாத்திக்க முடியல."

போனை வைத்தேன். கதவை உதைத்த கிழவருக்குப் பதில் அந்தத் தகப்பன் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக, கையால் சர்வரை எழுப்பும் அனுமதி யார் யார் பெயருக்கு இருக்கிறது என்று பார்த்தேன். மூன்றாவது மெஷின் இடம் மாறிய பிறகு அந்த அனுமதிக்கே அவசியம் இல்லை, ஆனாலும் பழக்கத்தில் அப்படியே விட்டிருந்தோம். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. என் பெயரையும் நீக்கினேன்.